காஜா பேராங் கிடங்கில் ஒரு மெஸ் டின்

எங்கள் பழைய அலுவலகத்தின் கோப்புகளை எல்லாம் ஆயர் குரோவில் கட்டியிருக்கும் புதுக் கட்டடத்துக்குக் கொண்டுபோய்க் கணினியில் ஏற்றுகிறார்கள். அதையொட்டி ஒரு மலர் போடப்போவதாகவும், பழைய ஆள் என்ற முறையில் நான் நான்கு பக்கம் எழுதவேண்டும் என்றும் அங்கே இப்போது பொறுப்பில் இருக்கும் தேவகி தொலைபேசியில் கேட்டாள்.

"சார், நீங்கள்லாம் நம்பர வச்சே ஆளக் கண்டுபுடிப்பீங்களாமே! அதப் பத்தி எழுதுங்கலா சார். படிக்கிறவங்களுக்கு ஒரு உற்சாகம் வரணும்" என்றாள்.

நம்பரை வைத்து ஆளைக் கண்டுபிடித்தது உண்மைதான். நம்பரை வைத்து ஆளைத் தவறவிட்டதும் உண்மை. முதலாவதை மட்டும் எழுதினால் அரைப் பக்கத்துக்கு மேல் வராது. அதனால் இரண்டையும் எழுதிவிடுகிறேன். மலரில் போடுவதும் குப்பையில் போடுவதும் அவர்கள் இஷ்டம்.

நான் ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. அப்பா பால்வெட்டினார், அம்மாவும் வெட்டினார். சித்தப்பா வீட்டில் ஒட்டிக்கொண்டு டவுனில் ஆங்கிலம் படித்தேன். தட்டச்சு கற்றேன், இரண்டு வருடம் வேலை தேடினேன், கிடைத்தது. இதற்கு மேல் என் இளமைப் பருவத்தில் எழுத ஒன்றுமில்லை. தெங்கேராவில் ஒரு மாடி அறையில் குடியிருந்துகொண்டு தினமும் காஜா பேராங்குக்குச் சைக்கிள் மிதித்தேன். மெர்டேகா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது, வரப்போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம்.

கிடங்கு என்பது ஒரு நீளமான பலகைக் கட்டடம், தகரக் கூரை. சண்டைக்கு முன்பு உள்ளூர்த் தொண்டர் படையில் சேர்ந்தவர்களின் சாமான்கள் அதில் குவிந்து கிடந்தன. துணிப் பைகள், பூட்ஸ், பெல்ட், தண்ணீர்க் குப்பி, சாப்பாட்டுக்கான மெஸ் டின். ஜப்பான்காரன் வந்தபோது போட்டது போட்டபடி ஓடியவர்களுடையது பாதி. சண்டை முடிந்தபின் சயாமிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பொறுக்கி அனுப்பப்பட்டது மீதி. வெள்ளைக்காரன் மூட்டை கட்டுமுன் எல்லாவற்றுக்கும் சொந்தக்காரனைக் கண்டுபிடித்து ஒப்படைக்கவேண்டும் என்று உத்தரவு. அதற்கு நாங்கள் மூன்று பேர். கிடங்குக்காரர் பாக் சமாட், எழுத்தராக நான், எங்களுக்கு மேலே மிஸ்டர் பிள்ளை.

மிஸ்டர் பிள்ளையைத் தமிழர் என்று நினைத்து முதல் நாள் "வணக்கம் ஐயா" என்றேன். அவர் கையைக் கூப்பினார், பிறகு மலாயில் பேசினார். காஜா பேராங் செட்டிச் சமூகத்துக்காரர். அங்கே பரம்பரையாக இருப்பவர்கள், சாமி நம் சாமி, பெயர் நம் பெயர், வீட்டுப் பேச்சு மட்டும் மலாய். காலையில் நெற்றியில் திருநீறு, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. என்னைக் கடைசிவரை "கிராணி", அதாவது எழுத்தர், என்றுதான் கூப்பிட்டார். கோபம் வந்தால் குரலை உயர்த்தமாட்டார், தாழ்த்துவார். அவர் குரல் காதில் விழவில்லை என்றால் நாம் ஏதோ பெரிய தப்புச் செய்திருக்கிறோம் என்று அர்த்தம்.

வேலையை அவர் செய்யும் விதம் தனி. ஒரு சாமான் வந்தால் முதலில் வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் வைக்கவேண்டும். தகரமாக இருந்தால் சுண்ணாம்புப் பொடியைத் தடவித் துடைத்தால் குத்திய பள்ளத்தில் வெள்ளை நின்றுகொள்ளும், எண் தெரியும். துணியாக இருந்தால் நனைத்து வெயிலுக்கு எதிரே பிடிக்கவேண்டும். எண்ணை முன்னாலிருந்து வாசிக்கக்கூடாது. கடைசி இலக்கத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டும். முன்னாலிருந்து வாசித்தால் தேய்ந்த இலக்கத்தை மனசு தானாகவே நிரப்பிவிடும் என்பார். இரண்டு பேர் தனித்தனியாக எழுதி, பிறகு இரண்டு சீட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். அவசரப்பட்டால் "பெலான், பெலான்" என்பார், மெல்ல, மெல்ல.

எண் கிடைத்தால் ஆள் கிடைத்ததாக ஆகாது. சாமான்களில் பெரும்பாலும் கடைசி நான்கு இலக்கத்தைத்தான் குத்தியிருப்பார்கள். பட்டியல்களில் பாதி எரிந்துபோயிருந்தது. பூட்ஸ் அளவுப் புத்தகம், அம்மை குத்திய ஏடு என்று வேறு எதிலாவது அந்த ஆளைப் பிடிக்கவேண்டும். அப்புறம்தான் வீடு. வீட்டுக்குப் போனால் நாம் வாயைத் திறக்கக்கூடாது, என்ன வந்திருக்கிறது என்று சொல்லக்கூடாது, காட்டவும் கூடாது. "அவரிடம் என்னென்ன இருந்தது, எதில் என்ன அடையாளம்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவேண்டும். வீட்டார் தாங்களாகச் சொல்லி, அது சாமானோடு பொருந்தினால்தான் அந்த ஆளுக்குரிய பதிவு அட்டையை மூடலாம். மூடாத அட்டையில் 'பெலும் பாலேக்' என்று எழுதுவார். இன்னும் திரும்பவில்லை. செத்துப்போனார் என்ற சொல்லை அவர் எந்த அட்டையிலும் எழுதி நான் பார்த்ததில்லை.

எல்லாமே சோகக் கதை என்று எண்ணவேண்டாம். ஒருமுறை ஒரு ஜோடி பூட்ஸுக்கு உரியவர் உஜோங் பாசிரில் உயிரோடு மீன்பிடித்துக்கொண்டிருந்தார். பதினாலு வருடம் கழித்து அவர் பூட்ஸை அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தோம். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கயிறு எங்கே?" என்று கேட்டார். கயிறு இல்லை என்றதும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். மிஸ்டர் பிள்ளை தம் செலவில் கயிறு வாங்கிக் கொடுத்துத்தான் அந்த அட்டை மூடப்பட்டது.

இனி நான் தவறவிட்ட கதை.

காமாட்சி அக்கா எங்கள் கிடங்குக்கு இரண்டு தெரு தள்ளி அப்பம் சுட்டு விற்றுக்கொண்டிருந்தார். காலையில் நான் பசியாறுவதே அவரிடம்தான். அவருடைய வீட்டுக்காரர் வேலாயுதம் தொண்டர் படையில் லாரி ஓட்டினார். சரணடைந்தபின் வீட்டுக்கு வந்து ஒரு வருடம் இருந்தார். பிறகு ஜப்பான்காரன் சயாம் ரயில் வேலைக்கு ஆள் பிடித்தபோது அவரையும் பிடித்துக்கொண்டு போய்விட்டான். அதோடு சரி. அக்கா தினமும் பொட்டு வைத்துக்கொள்வார், தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். நம்பிக்கையா பழக்கமா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அவர் மகளுக்கு இடம் அமைந்தது. மாப்பிள்ளை வீட்டார் தெங்கேராக்காரர்கள், நல்லவர்கள், ஆனால் சாஸ்திரம் பார்ப்பவர்கள். அக்கா அப்பத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"கிராணி தம்பி, இருக்காரு, இல்லாட்டி இல்லைன்னு எதாச்சும் ஒரு வார்த்த சொல்லுங்களேன். சம்பந்தி ஊட்டுல கேக்குறாங்க, நீங்க பொட்டோட நிப்பீங்களா இல்லையான்னு. நான் என்னா பதில் சொல்றது? எம் மக கழுத்துல தாலி ஏறுறப்ப நான் முன்னால நிக்கலாமா கூடாதா? அது தெரிஞ்சா போதும் எனக்கு."

அடுத்த மாதமே சயாமிலிருந்து ஒரு பெட்டி வந்தது. கல்லறைகளை அடையாளம் பார்க்கும் குழு, ஒரு குழியின் மேல் நட்டிருந்த கட்டையில் தொங்கிய மெஸ் டின்னைக் கழற்றி அனுப்பியிருந்தது. குழி எண்ணும் இடமும் சீட்டில் இருந்தது. மிஸ்டர் பிள்ளை அப்போது பட்டியல் தேடச் சிங்கப்பூருக்குப் போயிருந்தார். நானும் பாக் சமாட்டும் வெள்ளைத் துணி விரித்து, பொடி தடவி, பின்னோக்கி வாசித்தோம். எட்டு, ஒன்று, மூன்று, மூன்று. 3318. பட்டியலில் 3318 வேலாயுதம், முகவரி காஜா பேராங்.

மெஸ் டின் என்பது ஒன்றல்ல, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் இரண்டு டின். இதில் இரண்டும் துருவும் மண்ணுமாக ஒட்டிப்போயிருந்தன. பிரித்தால் ஓட்டை விழும் என்று விட்டுவிட்டோம். உள் டின்னிலிருந்து வெளியே நீட்டிய கைப்பிடியில் டெலிபோன் வயர் நெருக்கமாகச் சுற்றியிருந்தது, சூடு கையில் ஏறாமல் இருப்பதற்காக.

மிஸ்டர் பிள்ளை வரும்வரை நான் காத்திருக்கவேண்டும். காத்திருக்கவில்லை. கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள்தான் இருந்தது. அந்த அம்மாளுக்கு ஒரு பதில் கொடுக்கவேண்டும் என்ற பரிவு பாதி. அந்தப் பதிலை நானே கொடுக்கவேண்டும் என்ற திமிர் மீதி. இதைச் சொல்ல இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

அக்கா வீட்டுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் என் முகத்தைப் பார்த்தார். கேட்கவேண்டிய கேள்வி வாயில் வரவில்லை. "அக்கா, ஒரு மெஸ் டின் வந்திருக்கு. கைப்பிடியில வயர் சுத்தியிருக்கு. அண்ணன் அப்படி ஏதும் சுத்தி வச்சிருந்தாரா?" என்றேன்.

"ஆமா தம்பி. அவருதான். அவரு எதுன்னாலும் சுத்தி சுத்தி வப்பாரு" என்றார். பையைத் திறந்து கையில் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு அழுதார். பதினாலு வருட அழுகையையும் ஒரே மூச்சில் அழுதார்.

மிஸ்டர் பிள்ளை திரும்பி வந்து அட்டையைப் பார்த்தார். "சியாப்பா சாக்காப் டூலு?" என்றார். யார் முதலில் சொன்னது?

"அவர்தான்" என்றேன். அவர் கையெழுத்திட்டார்.

கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன். மேளம் கொட்டியபோது மணவறையில் பெண்ணின் அத்தைதான் அம்மா இடத்தில் நின்றார். காமாட்சி அக்காவைத் தேடினேன். குசினியில் வெறும் நெற்றியோடு இலை துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "சாப்பிட்டுட்டுத்தான் போவணும் தம்பி" என்றார். நல்ல காரியம் செய்திருக்கிறோம் என்றுதான் அன்றைக்கும் நினைத்தேன்.

மெர்டேகா வந்தது. கொடி மாறியது, கிடங்கின் பெயர்ப்பலகை மாறியது, வேலை மாறவில்லை. சில மாதம் கழித்து ஒரு காலை காமாட்சி அக்கா கிடங்கு வாசலில் வந்து நின்றார். அதற்கு முன் அவர் அங்கே வந்ததே இல்லை. கையில் துணியில் சுற்றிய மெஸ் டின்.

"அமாவாசைக்கு அமாவாசை இத வெளக்கி வச்சுத்தான் தம்பி படைக்கிறது. நேத்து புளி போட்டுத் தேச்சேன், உள்ளார இருந்தது கழண்டு வந்துருச்சு. உள்ள வேற நம்பரு இருக்கு. எனக்கு இங்கிலீசு தெரியாது, நம்பரு தெரியும். இது 3318 இல்ல."

மிஸ்டர் பிள்ளை எழுந்து நின்றார். குடும்பத்தார் யார் வந்தாலும் எழுந்து நிற்பார். வெள்ளைத் துணியை அவரே விரித்தார். வெளி டின் 3318, உள் டின் 3345. அப்போதுதான் அந்தக் கைப்பிடியை அவர் முதல் தடவையாகப் பார்த்தார். வயர்ச் சுற்றின்மேல் விரலை வைத்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார். பட்டியலை எடு என்று என்னிடம் சொன்னது உதட்டசைவில்தான் தெரிந்தது.

3345, கோபால். முகவரி காஜா பேராங். நெருங்கிய உறவு என்ற இடத்தில் மிஸ்டர் பிள்ளையின் தாயார் பெயர்.

ஆறு வருடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறேன். அவருக்கு ஒரு தம்பி இருந்ததும், அவனையும் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனதும் எனக்குத் தெரியாது. பாக் சமாட்டுக்குத் தெரியும். அவர் ஏன் சொல்லவில்லை என்றால், நான் ஏன் கேட்கவில்லை என்றுதான் பதில் வரும்.

"அக்கா, அன்னைக்கு நான்தான் தப்புப் பண்ணேன். வயர் சுத்தியிருக்குன்னு நான் மொதல்ல சொல்லியிருக்கக் கூடாது. நீங்க சொல்லி நான் கேட்டுக்கணும். சார்கிட்டயும் பொய் சொல்லிட்டேன்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. மிஸ்டர் பிள்ளைக்கு மலாயில் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, டின்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா, "நீங்க எப்படிக் கேட்டிருந்தாலும் நான் ஆமான்னுதான் சொல்லியிருப்பேன் தம்பி. எனக்கு ஒரு பதில் வேண்டியிருந்திச்சு" என்றார். நெற்றியைத் தடவிக்கொண்டார். "அப்ப நான் இப்ப யாரு? பொண்டாட்டியா, அறுத்தவளா?"

மிஸ்டர் பிள்ளை வேலாயுதத்தின் அட்டையை எடுத்து, தம் கையெழுத்தை அடித்து, 'பெலும் பாலேக்' என்று எழுதினார். கோபாலின் அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார். தான் வீட்டு ஆள் என்பதால் தான் கேட்கக்கூடாது, தன் தாயாரிடம் நான் வந்துதான் கேட்கவேண்டும் என்றார். நான் இவ்வளவு செய்த பிறகும் என்னைத்தான் கூப்பிட்டார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த தண்டனையும் அதுதான், மன்னிப்பும் அதுதான்.

"நானும் வர்றேன்" என்றார் காமாட்சி அக்கா. "அந்தம்மாவும் என்ன மாதிரிதான உக்காந்திருப்பாங்க."

மிஸ்டர் பிள்ளையின் வீடு நடந்து போகும் தூரம். அவர் தாயார் கபாயாச் சட்டையும் சாரோங்கும் உடுத்தி, கொண்டையில் ஊசி செருகி, நெற்றியில் திருநீறு இட்டிருந்தார். எழுபதுக்கு மேல் வயது, கண் நன்றாகத் தெரிந்தது. பேச்செல்லாம் மலாயில்தான். அக்காவும் சந்தை மலாய் நன்றாகப் பேசுவார். நான் தமிழில் எழுதுகிறேன்.

டின்னைப் பையில் வைத்துக்கொண்டு, மடியில் கை கட்டி, "உங்கள் மகன் கோபாலிடம் என்னென்ன சாமான் இருந்தது? ஏதாவது அடையாளம் வைத்திருந்தாரா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். மிஸ்டர் பிள்ளை வாசற்படியில் எங்களுக்கு முதுகு காட்டி நின்றார்.

அந்த அம்மாள் நெடுநேரம் யோசித்தார். குப்பி என்றார், தொப்பி என்றார். வேறு ஒன்றும் ஞாபகம் இல்லை என்றார். நான் அசையவில்லை. பிறகு தானாகவே சிரித்தார். "அவனுக்குச் சூடு ஆகாது. சுடுசோற்றை ஊதி ஊதித் தின்பான். படையில் கொடுத்த டின்னைக் கொண்டுவந்த அன்றைக்கே பிடியில் வயரைச் சுற்றினான். மிச்ச வயரை என் கெண்டியிலும் சுற்றிவிட்டான். உள்ளே இருக்கிறது, போய்ப் பார்."

நான் போய்ப் பார்க்கவில்லை. பையைத் திறந்தேன்.

வெளி டின் எப்படி வேலாயுதத்தினுடையது ஆனது என்று தெரியாது. இருவரும் ஒரே ஊர், அடுத்தடுத்த தெரு. அங்கே ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டிருக்கலாம், ஒருவர் மற்றவருக்குக் கொடுத்திருக்கலாம். ஆனால் அந்தக் குழி கோபாலுடையதுதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அந்த அம்மாள் அழவில்லை. வாசற்படியில் நின்ற மகனைப் பார்த்துச் சத்தம் போட்டார். போகிப் பண்டிகையன்று அவர்கள் வீட்டில் 'பர்ச்சு' உண்டு. செத்தவர்களுக்கு அவரவர்க்குப் பிடித்ததைச் சமைத்து இலை போட்டுப் படைப்பார்கள். கோபாலுக்கும் ஓர் இலை போடவேண்டும் என்று இவர் வருடா வருடம் கேட்டிருக்கிறார். உறுதி தெரியாமல் போடக்கூடாது, உயிரோடு இருப்பவனுக்கு இலை போட்டால் ஆகாது என்று மிஸ்டர் பிள்ளை தடுத்திருக்கிறார்.

"இத்தனை வருடம் என் பிள்ளையைப் பட்டினி போட்டுவிட்டாயே! எல்லோரும் வந்து தின்றார்கள், அவன் மட்டும் வாசலில் நின்றிருக்கிறான். நீதான் நிற்க வைத்தாய்!"

மிஸ்டர் பிள்ளை திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

காமாட்சி அக்கா எழுந்துபோய் அந்த அம்மாளின் காலடியில் உட்கார்ந்தார். "மாக், பட்டினி இல்லை மாக். போன வருசத்திலேருந்து நான் போட்டிருக்கேன். ஒரு அமாவாசை தவறல. இந்த டின்னை முன்னால வச்சு, இலை போட்டு, சாப்பிடுங்கன்னு கூப்பிட்டேன். பேருதான் மாத்திக் கூப்பிட்டேன். வந்து சாப்பிட்டது உங்க பிள்ளைதான்."

அந்த அம்மாள் அவரை உற்றுப் பார்த்தார். "என்ன போட்டாய்?"

"சோறு, சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயசம்."

"மீன்?"

"அமாவாசைக்கு மீன் ஆகாது மாக்."

"மீன் இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காதே! ஒரு வருடமா என் பிள்ளை மீன் இல்லாமலா தின்றான்?" என்றார் அந்த அம்மாள். அதைச் சொன்ன பிறகுதான் அழுதார். அக்காவின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதார். வாழைக்காய்ப் பொரியல் வாழைக்காய்ப் பொரியல் என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

டின்னை அங்கேயே விட்டோம். கிளம்பும்போது அக்கா வாசற்படியில் நின்றார். மிஸ்டர் பிள்ளையிடம் அவர் அதுவரை நேராகப் பேசியதில்லை. இப்போது தமிழிலேயே கேட்டார்.

"ஐயா, அப்ப எங்க வீட்டுக்காரரு அப்படி எங்கியாச்சும் கெடந்தாருன்னா, அவருக்கும் யாராச்சும் ஒருத்தி பேரு மாத்திக் கூப்பிட்டு ஒரு இலை போட்டிருப்பா, இல்லீங்களா?"

நான் மலாயில் சொல்ல வாயெடுத்தேன். மிஸ்டர் பிள்ளை கையைக் காட்டி நிறுத்தினார். அவருக்குப் புரிந்திருந்தது. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திக்கித் திணறி, தமிழிலேயே பதில் சொன்னார்.

"போட்டிருப்பா, அம்மா. கண்டிப்பா போட்டிருப்பா."